ஓரங்கால் நடை

அம்மாசி: அதெல்லாம் கெடக்கட்டும். உன் செருப்ப எதுக்கு உள்ள எடுத்துகினு போனாங்க?

மணிமொழி: எந்தச் செருப்ப?

அம்மாசி: வாசப்படியாண்ட வுட்டுட்டுப் போனியே, அதத்தான். அந்த டாக்டரம்மா வெளிய வந்துச்சு. ரெண்டையும் தூக்கித் திருப்பித் திருப்பிப் பாத்துச்சு. உள்ள எடுத்துகினு போயி கதவச் சாத்திக்கிச்சு. முதுகு நோவுதுன்னு போனா செருப்புல இன்னா பாக்கறாங்க?

மணிமொழி: டீ ஆறுது, குடி மாமா. மூங்கில்துறைப்பட்டு வண்டி வந்துடப் போவுது.

அம்மாசி: வந்தா வரட்டும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல அது ஒரு வண்டிதானா? இன்னா சொன்னாங்க, அதச் சொல்லு.

மணிமொழி: ஒண்ணும் இல்லன்னாங்க.

அம்மாசி: ஒண்ணும் இல்லாததுக்கா முக்கா மணி நேரம்?

மணிமொழி: நடக்கச் சொன்னாங்க. குனியச் சொன்னாங்க. மறுபடியும் நடக்கச் சொன்னாங்க...

அம்மாசி: எங்கக்காவும் இப்பிடித்தான்.

மணிமொழி: ஐய, ஆரம்பிச்சிட்டியா...

அம்மாசி: கரும்புக் கட்டு கட்டற எடத்துல இடுப்பு நோவுதுன்னுச்சு. ஆசுபத்திரி போயி வந்து, ஒண்ணும் இல்லடா தம்பின்னுச்சு. வயித்துல கட்டின்னு அதுக்குத் தெரியும். எங்க யாராண்டயும் சொல்லல. நாலே மாசம்...

மணிமொழி: மாமா... எனக்குக் கட்டியும் இல்ல, கிட்டியும் இல்ல.

அம்மாசி: என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

மணிமொழி: ஏ... பாத்து, பாத்து! போச்சு, சட்டையெல்லாம் டீ. இன்னா மாமா, ஒரு கிளாசப் புடிக்கத் தெரியல உன் கைக்கு?

அம்மாசி: சட்ட கெடக்குது, வுடு.

மணிமொழி: கல்யாணத்தன்னிக்கும் இதே கைதான? காலக் கழுவிகினு நான் உள்ள வந்து நாலு அடிதான் வெச்சேன், நெறகொடத்தக் கவுத்து வுட்டியே! வூடு பூரா தண்ணி. "மொத நாளே கொடத்தக் கவுத்த தறுதல"ன்னு சாவற வரைக்கும் உங்கம்மா சொல்லிகினு இருந்துச்சு.

அம்மாசி: பேச்ச மாத்தாத மணி. ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்ல. கஞ்சி எறங்கல. எதுவா இருந்தாலும் சொல்லிடு.

மணிமொழி: ...சொல்றேன். திட்டக் கூடாது.

அம்மாசி: திட்டல.

மணிமொழி: சிரிக்கவும் கூடாது.

அம்மாசி: சிரிக்கற மாதிரியா இருக்கறேன் நானு?

மணிமொழி: ஸ்கேன்ல ஒண்ணும் இல்லியாம். எலும்பெல்லாம் நல்லா இருக்குதாம். நோவு கால்லேர்ந்து வருதாம்.

அம்மாசி: கால்லேர்ந்தா? முதுகு எங்க இருக்குது, கால் எங்க இருக்குது?

மணிமொழி: நானும் அதத்தான் கேட்டேன். செருப்பக் காட்டுனாங்க. ரெண்டும் வெளி ஓரம் மட்டும் தேஞ்சு போயிருக்குது, நடுவுல புதுசாட்டம் இருக்குது. பாதத்த முழுசா வெக்காம ஓரத்துலயே நடந்தா, வெக்கிற ஒவ்வொரு அடியும் முட்டிய இடிச்சு, இடுப்ப இடிச்சு, முதுகுல போயி நிக்குதாம். அதோட நாள் பூரா குனிஞ்சு வேல செய்யறனா... அது ஜாஸ்தி ஆக்கிடுச்சாம்.

அம்மாசி: அவ்ளோதானா?

மணிமொழி: அவ்ளோதான். மெத்த வெச்ச செருப்பு ஒண்ணு எழுதிக் குடுத்திருக்காங்க. காலைல குதிகாலத் தூக்கித் தூக்கி எறக்கணும். பாதத்த முழுசாப் பதிச்சு நடக்கணும். மூணு மாசத்துல நல்லாக் கம்மியாவும்னாங்க.

அம்மாசி: அப்போ கட்டி இல்ல... கட்டி இல்ல...

மணிமொழி: மாமா? அழுவுறியா?

அம்மாசி: டீ கண்ணுல பட்டுடுச்சு.

மணிமொழி: சட்டையில கொட்டுன டீ கண்ணுக்கு எப்பிடிப் போச்சு?

அம்மாசி: எப்பிடியோ போச்சு, வுடேன்! அப்பாடா... ஏங்க, இன்னும் ரெண்டு டீ போடுங்க. பன்னும் குடுங்க. எனக்கு இப்பத்தான் பசியே எடுக்குது. ஆமா, இத எதுக்குடி மூடி மூடி வெச்ச? ஓரங்கால்ல நடக்கறது ஒரு குத்தமா?

மணிமொழி: ஏன் அப்பிடி நடக்கறன்னு கேப்ப இல்ல...

அம்மாசி: ஏன் நடக்கற?

மணிமொழி: எனக்குத் தட்டப் பாதம் மாமா. வளைவே கெடையாது. வெச்சா முழுசாப் பதியும். உங்கண்ணனுக்குப் பாத்த மொதப் பொண்ண உங்கம்மா எதுக்கு வேணாம்னுச்சு?

அம்மாசி: பாதம் பதியுது, புருசனுக்கு ஆவாதுன்னு.

மணிமொழி: தரகர் அத எங்கம்மாவாண்ட சொல்லிட்டாரு. எங்கம்மா கலங்கிப் போச்சு. தரையில சாம்பலக் கொட்டி, ஒரு மாசம் என்ன ஓரங்கால்ல நடக்கப் பழக்குச்சு. முழுசாப் பதிஞ்சா முட்டியிலயே ஒரு அடி! அப்பிடியே பழகிடுச்சு. உங்கம்மா போன பொறவும் மாத்திக்க முடியல.

அம்மாசி: அடிப்பாவி...

மணிமொழி: கரும்பு லோடுலேர்ந்து வுழுந்து உன் கை ஒடிஞ்சுதே... அதுக்கு மொத நாளு மழச் சேத்துல பாதத்த நல்லா ஊனிட்டேன். என்னாலதான்னு நெனச்சேன் மாமா. சொல்லல. கட்டுப் பிரிக்கற வரைக்கும் அழுதுகினு இருந்தேன்.

அம்மாசி: லோடுக் கயிறு அறுந்துச்சு, நான் வுழுந்தேன். உன் பாதம் இன்னா பண்ணும்?

மணிமொழி: டாக்டரம்மாவும் அதான் சொன்னாங்க. தட்டப் பாதம் எத்தினியோ பேருக்கு இருக்குது, அதுல ஒரு குத்தமும் இல்லன்னாங்க. தூக்கி வாரிப் போட்டுச்சு. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல.

அம்மாசி: சிரி. நல்லா சிரி.

மணிமொழி: இருவத்திரண்டு வருசத்துல ஒரே ஒரு தடவதான் வூட்டுக்குள்ள தவறுனேன். கல்யாணத்தன்னிக்கு. கூட்டத்தப் பாத்த பயத்துல எல்லாம் மறந்துடுச்சு. வாசல்லேர்ந்து வெளக்கு வரைக்கும் ஈரக்கால முழுசாப் பதிச்சுகினு போயிட்டேன். திரும்பிப் பாத்தா உங்கம்மா ஆலாத்தித் தட்டோட உள்ள வருது. உசுரே போச்சு. நல்ல வேள, நீ கைதவறிக் கொடத்தக் கவுத்த... எல்லாம் அழிஞ்சு போச்சு. சாமிதான் காப்பாத்துச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் வெளக்கேத்திக் கும்புடறேன்.

அம்மாசி: கை தவறல மணி. உன் பின்னால வந்தவன் நான்தான? அந்த ஈரத் தடம் எங்கம்மா கண்ணுல படக் கூடாதுன்னு நான்தான் ஒதச்சுக் கவுத்தேன். சொன்னா நீ கூசிப் போவன்னு வுட்டுட்டேன்... அன்னிக்கே சொல்லியிருக்கணும். வண்டி வந்துடுச்சு பாரு. எழுந்திரு, பாதத்த நல்லாப் பதிச்சு நட.