சரிபார், சரிசெய்

நீங்கள் தட்டச்சு செய்து கொடுத்த தாளில் ஓர் எழுத்துப்பிழை இருக்கிறது. இரண்டாவது பத்தியில் 'சரிபார்க்கபட்டது' என்று போட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு 'ப்' விட்டுப்போயிருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் திருத்திக் கொடுத்துவிடுங்கள். பதினாறு வருஷம் இந்த நிறுவனத்துக்குக் கையேடு எழுதியவள் பிழையுள்ள தாளில் கையெழுத்துப் போட்டாள் என்று நாளைக்கு ஒருத்தரும் சொல்லக்கூடாது.

இன்னொன்று. 'குரல் அழிந்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வேலை பழக வருகிறவர்கள் இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். குரல் தானாக அழியாது, யாராவது ஒருவர் அழிக்கவேண்டும். அந்த வாக்கியத்தைக் கடைசியில் நானே சரியாகச் சொல்கிறேன்.

நீங்கள் வெளியிலிருந்து விசாரிக்க வந்தவர். எங்கள் கருவியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. தொண்டையில் அறுவைசிகிச்சை செய்து குரலை இழக்கப்போகிறவர்கள் அதற்கு முன்னாலேயே எங்களிடம் வந்து, நாங்கள் கொடுக்கும் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்வார்கள். பிறகு அவர்கள் விசைப்பலகையில் தட்டுவதைக் கருவி அவர்களுடைய சொந்தக் குரலிலேயே பேசும். குரல் முழுவதும் கருவிக்குள் இருக்கும் டிஸ்கில் நாலாவது பகுதியில் இருக்கிறது. எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு டிஸ்கின் முகப்பில் ஓர் அட்டவணை உண்டு. கருவியை ஆன் செய்ததும் முதலில் கண்விழிக்கிற சின்ன நிரலுக்கு பூட்லோடர் என்று பெயர். அந்த அட்டவணையை மேய்க்கிற கட்டளை அதில்தான் இருக்கிறது.

டெக்னீஷியன்கள் தடுமாறக்கூடாது என்று கட்டளைகளைத் தமிழிலேயே வைத்தோம். 'அட்டவணை சரிபார்' என்றால் கருவி பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொல்லும். ஒன்றையும் தொடாது. 'அட்டவணை சரிசெய்' என்றால் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த மாதிரி அட்டவணையை மாற்றி எழுதிவிடும். தொழிற்சாலை அட்டவணையில் மூன்று பகுதிகள்தான். நாலாவதை நினைவில் வைத்திருக்க ஆளில்லை. அடுத்த முறை ஆன் செய்யும்போது, இடம் காலி என்று நினைத்து, கருவி தன் சாமான்களையெல்லாம் அங்கே கொண்டுவந்து இறக்கிவிடும்.

இந்த இரண்டு சொற்களையும் தேர்ந்தெடுத்தது நான். அன்றைக்கு எந்தக் கெட்ட எண்ணமும் எனக்கு இல்லை. கூட்டத்தில் ஒரே ஒருவர்தான் எழுந்து, "ரெண்டும் ஒரே மாதிரி இருக்குக்கா. அவசரத்துல மாத்தி அடிச்சிடுவாங்க. ஒண்ணை வேற சொல்லா மாத்துங்களேன்" என்றார். சர்வீஸ் பிரிவு டெக்னீஷியன். என் தங்கையின் கணவர். அவருக்கு அங்கே 'வரிக்கு வரி' என்று பட்டப்பெயர். கையேட்டில் போட்டிருப்பதை ஒரு புள்ளி விடாமல் அப்படியே செய்வார். நான்தான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்.

தங்கையைப் பற்றிச் சொல்லவேண்டும். வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். எனக்கு ஊமைக்கோட்டான். யாராவது என்னைப் பார்த்து, எப்படி இருக்கே, என்ன படிக்கிறே என்று கேட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லி முடித்திருப்பாள். "அக்காவுக்கு அது பிடிக்காது", "அக்கா வரமாட்டா", "அக்கா சும்மா இருக்கா, கோபமெல்லாம் இல்ல." பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வாள், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாற்பத்தொரு வருஷம்.

அவளுக்குத் தொண்டையில் கட்டி என்று தெரிந்ததும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியங்களை எடுத்துக் கொடுத்தேன். ஆறு வாரம் பதிவு. என் பட்டியல் முடிந்ததும் அவளாகச் சிலதைச் சேர்த்தாள். நாலு வயதுப் பெண்ணைத் தூங்கவைக்கிற பாட்டு. புருஷனைத் திட்டுகிற திட்டு. 'ஏய் குட்டிப் பிசாசே, இங்க வா' என்று மட்டும் ஏழு விதமாகச் சொல்லிப் பதிந்தாள். எதற்கு ஏழு என்று கேட்டேன். "ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரியா கூப்பிடுவேன்?" என்றாள்.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு கருவி தயாராக எட்டு மாதம் ஆயிற்று. நான் லீவு போட்டுவிட்டு அவர்கள் வீட்டுக்கே போய்விட்டேன். அவள் நோட்டில் எழுதிக் காட்டுவாள்தான். ஆனால் ஒருத்தி எழுதி முடிக்கும்வரை யார் பொறுமையாக நிற்கிறார்கள்? எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பேசினேன். டாக்டர் வலி எப்படி என்று கேட்பார். அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டுவாள். "கொஞ்சம் இருக்கு டாக்டர், தாங்கிக்கிறா" என்பேன். வலி மாத்திரை அதிகம் போனால் அவளுக்கு நல்லதில்லை. சிநேகிதிகள் வந்தால் வாசலிலேயே, "தூங்குறா, யாரையும் பார்க்கப் பிடிக்கலையாம்" என்று அனுப்பிவிடுவேன். அவள் உள்ளே விழித்துக்கொண்டு, சுவரைத் தட்டிக்கொண்டு இருப்பாள். சத்தம் வெளியே கேட்காது. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த எட்டு மாதம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அவளும் சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

பிறகு கருவி வந்தது. கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் முதன்முதலாகத் தட்டியது இதுதான். "அப்பாடா. எட்டு மாசமா அக்கா சொன்னதுல பாதி நான் சொன்னதே இல்ல."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். குழந்தை கருவியின்மேல் முகத்தை வைத்து அழுத்திக்கொண்டது. நானும் சிரித்தேன். சாயங்காலம் என் பெட்டியை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டேன். யாரும் என்னை இருக்கச் சொல்லவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

அதற்கப்புறம் அவள் முன்னைவிட அதிகமாகப் பேசினாள். போன வருஷம் புதிய பதிப்பு வெளிவந்தது. குரலுக்கு நகல் எடுத்துவைக்கும் வசதியே அந்தப் பதிப்பில்தான் வருகிறது. அதுவரை நகல் கிடையாது. குரல் வாடிக்கையாளரின் சொத்து என்பதால் நிறுவனமும் வைத்துக்கொள்வதில்லை. கையேட்டில் நாலாம் பக்கத்தில் அந்த விதியை எழுதியதும் நான்தான். புதிய பதிப்பை ஏற்றுவதற்கு முன்னால் அட்டவணையைச் சரிபார்க்கவேண்டும். அந்தக் கட்டளைக்கான பக்கத்தை எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது.

நன்றாக எழுதினேன். கட்டளை என்ன செய்யும், எப்போது பயன்படுத்தவேண்டும், என்ன பதில் வரும், எல்லாம் தெளிவாக இருந்தது. பத்துப் படிகள். ஆறாவது படியில், 'அட்டவணை சரிசெய் என்று அடிக்கவும்' என்று போட்டேன். ஏழாவது படியில், 'கருவி உறுதியா என்று கேட்கும். ஆம் என்று அடிக்கவும்.' மற்ற எட்டுப் படிகளிலும் ஒரு குறை சொல்லமுடியாது. திங்கள்கிழமை காலையில் வெளியிட்டேன். என் தங்கை வீட்டுக் கருவிக்குச் செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்திருந்தார்கள். புதன்கிழமை மத்தியானம் 'சரிபார்' என்று திருத்தி, ஏழாவது படியை எடுத்துவிட்டேன்.

அந்த மூன்று நாளில் மற்றக் கருவிகளும் வரிசையில் இருந்தனவா என்று கேட்கிறீர்கள். பதினொன்று இருந்தன. பட்டியலைப் பார்த்துத்தான் எழுதினேன். ஒரு கையேட்டுப் பக்கத்தை ஒருவருக்கு மட்டும் தனியாகக் காட்டமுடியாது, அப்படி ஒரு வசதி எங்கள் கணினியில் இல்லை. அதில் ஒன்று பள்ளிக்கூடம் போகிற பெண்ணுடையது என்பது பட்டியலில் இல்லை, பிறகுதான் தெரிந்தது. திருத்திய பக்கத்தைப் பார்த்த டெக்னீஷியன்கள் அவரவர் தாங்களே மாற்றி அடித்துவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமை நானும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். கருவியை அணைப்பதற்கு முன்னால் தங்கை தட்டினாள். "சீக்கிரம் முடிங்க. அக்காகிட்ட சொல்ல ஒரு கூடை கதை இருக்கு." அந்தக் குரலில் நான் கேட்ட கடைசி வாக்கியம் அதுதான். அது என்ன கதையோ, எனக்குத் தெரியாது. தம்பி, அதாவது அவள் புருஷன், கையேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி அடித்தார். ஆறாவது படியில் ஒரு விநாடிகூட நிற்கவில்லை. ஏழாவது படியில் திரை உறுதியா என்று கேட்டது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க எழுதினதுன்னா எனக்குப் பயமே இல்லக்கா" என்றார். நான் தலையசைத்தேன்.

மறுபடி ஆன் ஆனபோது கருவியில் தொழிற்சாலைக் குரல் இருந்தது. செய்தி வாசிப்பதுபோல் தெளிவான உச்சரிப்பு. தங்கை என்னவோ தட்டினாள். அந்தக் குரல், "ஏய் குட்டிப் பிசாசே, இங்க வா" என்றது. குழந்தை அலறிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கிக்கொண்டது. தங்கை இன்னும் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள். பிறகு கருவியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்கப்புறம் அதை எடுக்கவே இல்லை.

வியாழக்கிழமை தம்பி கையேட்டை எடுத்து ஆறாவது படியைப் படித்தார். 'சரிபார்' என்று இருந்தது. திரும்பத் திரும்பப் படித்தார். "அன்னிக்குக் கூட்டத்துல நான்தானே சொன்னேன், மாத்தி அடிச்சிடுவாங்கன்னு. நானே அடிச்சிட்டேன்க்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஏழு மாதமாக அழுகிறார். வேலையை விட்டுவிட்டார். வீட்டில் அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடமுடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். "யாருக்கும் நடக்கிறதுதான் தம்பி" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

யாரோ ஒரு டெக்னீஷியன் நான் திருத்துவதற்கு முன்னாலிருந்த பக்கத்தை அச்செடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார், சலவைக்குப் போடும்போது அவர் மனைவி எடுத்துக் கொடுத்தார் என்று சொன்னீர்கள். நல்ல பழக்கம். அச்செடுத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முதன்முதலாக ஒருவர் அதைப் படித்திருக்கிறார்.

இப்போது அந்த வாக்கியத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேரின் குரலையும் நான் அழித்தேன். தெரிந்தே அழித்தேன். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை, மூன்றும் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன.

நான் திரும்பவும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். டாக்டரிடம் நான் பேசுகிறேன், பள்ளிக்கூடத்தில் நான் பேசுகிறேன், போன் வந்தால் நான் எடுக்கிறேன். அவள் களைத்துப்போவதில்லை. கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறாள்.

அவளைக் கூப்பிட்டே கேட்டுவிடலாம் என்கிறீர்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிகிறது. நோட்டும் பேனாவும் வேண்டும் என்று உங்கள் ஆளிடம் ஜாடை காட்டுகிறாள். கொடுக்கவேண்டாம், அவள் எழுதி முடிக்கப் பொழுது போய்விடும். இங்கிருந்து முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிகிறது. அக்காமேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்கிறாள். எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்காக நானே கையெழுத்துப் போடுகிறேன்.