மஞ்சள் அட்டைக் கிரீடம்

— இது யாரு?

— என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? நீங்கதான்.

— நானா? என்னைப் பாத்தா யாரையோ அடிக்கக் கிளம்பினவ மாதிரியா இருக்கு?

— அது தைரியம் அண்ணி. இடுப்புல ரெண்டு கை, நிமிர்ந்த தலை, பின்னாடி மேகத்தைத் தொடுற கிரேன். இந்த ஊர்ல கிரேன் ஓட்டுற ஒரே பொம்பளைன்னா சும்மாவா?

— கிரேன் நல்லாத்தான் இருக்கு. ஹெல்மெட்டும் அச்சு அசல் என்னுதுதான். இந்தப் புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு போட்டிருக்கியே, அது எதுக்கு? உங்க அண்ணன் ஈரத் துண்டை மெத்தை மேல போடும்போதுதான் எனக்கு அந்தக் கோடு விழும்.

— ஐயோ அண்ணி!

— மத்த பக்கத்தையும் காட்டு. இது யாரு?

— கடலுக்கு அடியில போய்க் கப்பலுக்கு வெல்டிங் வைக்கிறவங்க. இவங்க பாம்பு பிடிக்கிறவங்க. இது ராத்திரி ரயில் ஓட்டுறவங்க.

— எல்லாரும் இடுப்புல கை. எல்லாருக்கும் அதே மொறைப்பு. ஏன்டி பென்சிலு, பாம்பு பிடிக்கிறவ இடுப்புல கையை வெச்சுக்கிட்டா பாம்பை யாருடி பிடிக்கிறது?

— கிண்டல் பண்ணாதீங்க. அதாவது அண்ணி, நீங்க கடையில போய்ப் பாருங்க. பொம்பளைப் பிள்ளைங்க புத்தகம்னாலே கவுன், கிரீடம், குதிரையில எவனோ வருவான்னு ஜன்னல்ல காத்துக்கிட்டு நிக்கிறது. அதுக்குப் பதிலா நெஜமான பொம்பளைங்களைப் போட்டு ஒரு படப் புத்தகம். பன்னெண்டு பேர். பதினோரு பேர் சரின்னு சொல்லியாச்சு, நீங்கதான் கடைசி. அவங்கவங்க பக்கத்தை அவங்கவங்களே பாத்து சரின்னு சொன்னாத்தான் அச்சுக்கு விடுவேன்னு பதிப்பாளரம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்.

— ஓ. நான் சரின்னு சொல்லணும்.

— ஒரே ஒரு வார்த்தை.

— மாட்டேன்.

— விளையாடாதீங்க அண்ணி.

— யாரு விளையாடுறா? ஊதா கவுன் போட்டு வரை. தரை வரைக்கும் தொங்கணும். முடியை அவுத்து விடு. காதுல தொங்கட்டான். தலையில பெருசா ஒரு கிரீடம். அப்பத்தான் சரின்னு சொல்வேன், சொல்லிட்டேன் ஆமா.

— புத்தகத்தோட பேர் என்னன்னு தெரியும்ல? ‘கிரீடம் வேண்டாம் போ.’ அதுல கடைசிப் பக்கத்துல நீங்க கிரீடத்தோட நின்னா பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க? எனக்கு மூளை கலங்கிடுச்சும்பாங்க.

— சொல்லிட்டுப் போகட்டும்.

— அந்தக் கவுனைப் போட்டுக்கிட்டு எப்படி ஏணியில ஏறுவீங்க?

— தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறுவேன். அது என் பாடு.

— என் கல்யாணத்துக்கே பேண்ட் சட்டையில வருவேன்னு அடம் பிடிச்சவங்க நீங்க. திடீர்னு ஊதா கவுன்னா நான் நம்பிடுவேனா? என்ன ஆச்சு, நெஜத்தைச் சொல்லுங்க.

— ஒண்ணும் ஆகல. டீயைக் குடி, ஆறிப் போகுது.

— அண்ணி.

— குருவிக்காகத்தான்டி.

— நம்ம குருவிக்கா? ஆறு வயசுப் பிள்ளை, அவ என்ன கேட்டா?

— அவ ஒண்ணும் கேக்கல. போன வாரம் அவளை சைட்டுக்குக் கூட்டிட்டு வாங்கன்னு உங்க அண்ணன்கிட்ட சொன்னேன். அம்மா என்ன வேலை பாக்குறான்னு ஒரு தடவையாவது கண்ணால பாக்கட்டுமேன்னு ஒரு ஆசை. ரெண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்னாங்க. நான் மேலேர்ந்து கையை ஆட்டுறேன், ஆட்டுறேன், அங்கேர்ந்து அவளுக்கு எங்க தெரியும்? வேலை முடிஞ்சு எறங்கி, ஹெல்மெட்டும் அழுக்குச் சட்டையுமா ஓடினேன். பாஞ்சு வந்து கட்டிக்குவான்னு பாத்தா, அப்படியே நிக்கிறா. தலையிலேர்ந்து கால் வரைக்கும் என்னையே பாக்குறா. வீடு வந்து சேர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. தூக்கத்துலகூட ஓயாத வாய்டி அது!

— அவ்வளவு உயரத்தைப் பாத்து மலைச்சுப் போயிருப்பா.

— நானும் அப்படித்தான் நெனச்சேன். மறுநாள் எந்திரிச்சதும் மஞ்ச அட்டையை எடுத்தா, கத்திரிக்கோலை எடுத்தா, கதவைச் சாத்திக்கிட்டா. வெளிய வரும்போது தலையில கிரீடம்.

— ஆமா, நான் வரும்போது அண்ணன்கூட கடைக்குப் போய்க்கிட்டிருந்தா, தலையில அதோடதான்.

— அதைக் கழட்டுறதே இல்ல. தட்டு முன்னாடி உக்காந்தாலும் அதுதான், படுத்தாலும் அதுதான். விழுந்துடக் கூடாதுன்னு ரெண்டு பக்கமும் ரிப்பன் ஒட்டித் தாடைக்குக் கீழ முடிச்சு வேற. சோபா உச்சியில ஏறி உக்காந்துக்குவா. கீழ பொம்மைங்களை வரிசையா நிக்க வெச்சு, தள்ளிப் போ, எல்லாரும் தள்ளிப் போன்னு ஒரே அதிகாரம். ராணியம்மா தர்பார் நடத்துறாங்களாம்.

— வர்ற வழியிலகூட அவகிட்ட சொன்னேன் அண்ணி. இளவரசியெல்லாம் வேலை வெட்டி இல்லாதவங்க, அந்தக் கிரீடத்தைத் தூக்கிப் போடுன்னு.

— அதுக்கு என்ன சொன்னா?

— இல்ல அத்தைன்னு ஏதோ ஆரம்பிச்சா. நான் இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொன்னேன். மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு அண்ணன் பின்னாடி போயிட்டா.

— நீ விளக்க ஆரம்பிச்சா நானே ஓடிடுவேன், அவ சின்னப் பிள்ளை. இப்ப கேளு. பெரிசானதும் யாரா ஆகப் போறீங்களோ அந்த வேஷத்துல நாளைக்கு வாங்கன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. இதைப் போட்டுக்கிட்டுத்தான் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. என் ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டு வர விட மாட்டாங்க, சைட்லயே பூட்டி வைக்கணும். இருந்தாலும் மேஸ்திரி கால்ல கையில விழுந்தாவது ஒரு நாளைக்கு வாங்கிட்டு வர்றேன், அதைப் போட்டுக்கறியாடின்னு கேக்க நெனச்சேன்.

— கேக்க வேண்டியதுதானே?

— வேண்டாம்னு சொல்லிட்டா? அத்தனை உயரம் ஏறுறேன், காத்துல கேபினே ஆடும், ஒரு நாள்கூட நான் பயந்தது இல்ல. அவகிட்ட கேக்கத்தான் பயமா இருக்குடி. அழுக்குச் சட்டை போட்ட அம்மாவை அவளுக்குப் பிடிக்கல. உன் புத்தகத்துலயாவது நான் அழகா இருந்துட்டுப் போறேனே. அதைத் தூக்கிட்டுப் போய், இதுதான் எங்கம்மான்னு வகுப்புல காட்டட்டும்.

— அண்ணி, அழாதீங்க.

— அழுறேன்தான், என்ன இப்போ? அழக் கூடாதுன்னு உன் புத்தகத்துல சட்டம் இருக்கா?

— இந்தப் புத்தகத்தையே உங்களை நெனச்சுத்தான் ஆரம்பிச்சேன் அண்ணி. மத்தவங்கல்லாம் அப்புறம் வந்தவங்க. உங்க படத்துல போய்க் கவுன் வரையணும்னா எனக்கு மனசே வரல.

— அப்ப என் பக்கத்தையே எடுத்துடு.

— எடுக்கவா? அதெல்லாம் முடியாது. இருங்க, படத்து மேல ஒரு மெல்லிசுத் தாளை வெச்சு வரையுறேன். ஊதா தானே?

— ஊதாதான்.

— எவ்வளவு அகலம்?

— கதவுல இடிக்கிற அளவுக்கு.

— கிரீடம்?

— குருவி போட்டிருக்கிற மாதிரியே போடு. மஞ்சளா, முள்ளு முள்ளா.

— சரி. புருவக் கோட்டையும் எடுத்துடுறேன். ஆமா, மேல தனியா உக்காந்திருக்கும்போது நெஜமாவே எப்படி இருப்பீங்க?

— பாட்டுப் பாடிக்கிட்டு இருப்பேன். ஒரு நாள் வாக்கிடாக்கியை அமுக்கினது தெரியாம பாடிட்டேன். கீழ இருந்த ஆளுங்க அத்தனை பேரும் கேட்டுட்டுக் கை தட்டுறாங்க! மேஸ்திரி மட்டும், சிமெண்ட் மூட்டை எறங்கட்டும், அப்புறம் அடுத்த பாட்டுன்னாரு.

— அடக் கடவுளே! இதைச் சொல்லியிருந்தா நான் இப்படித்தானே வரைஞ்சிருப்பேன்?

— நீ எங்கடி கேட்ட?

— அம்மா! ரொட்டி வாங்கியாச்சு! அப்பா கீழ பக்கத்து வீட்டு மாமாவைப் பிடிச்சுக்கிட்டாரு, இப்போதைக்கு வர மாட்டாரு. அத்தை, என்ன வரையுறீங்க?

— வாடி குருவி. இது யாருன்னு சொல்லு பாப்போம்.

— கேக் மேல வைக்கிற பொம்மை.

— நல்லாப் பாருடி. உங்கம்மா!

— ம்ஹூம். அம்மா இந்தக் கவுனைப் போட்டா ஏணியில மாட்டிக்கும் அத்தை. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல.

— கேட்டீங்களா அண்ணி?

— நீ சும்மா இரு. குருவி, உனக்குப் பிடிக்கும்னுதான் அத்தையை இப்படி வரையச் சொன்னேன்.

— எனக்கு ஏன் பிடிக்கும்? இந்தத் தாளுக்குக் கீழ இன்னொரு படம் தெரியுதே, அதுதான் அம்மா. ஆனா ரொம்பக் கோவமா இருக்கே. அப்பா மறுபடியும் துண்டை மெத்தையில போட்டுட்டாரா?

— போதும்டி, அத்தை சிரிச்சுச் சிரிச்சுக் கலரைக் கொட்டிடுவா. இங்க வா, அம்மா மடியில உக்காரு. உனக்கு இளவரசின்னா ஆசை. அது ஒண்ணும் தப்பில்ல. நாளைக்கு இந்தக் கிரீடத்தோடயே ஸ்கூலுக்குப் போ, அம்மா எதுவும் சொல்ல மாட்டேன். எப்படிப் போனாலும் நீ என் ராசாத்திதான்.

— எந்தக் கிரீடம்?

— தலையில போட்டிருக்கியே, அதுதான்.

— இதுவா? ஐயோ அம்மா, இது உன் ஹெல்மெட்! மேல உருண்டையா வரணும்னு வெட்டி வெட்டி மடிச்சேன், பசை ஒட்டாம எல்லாம் எந்திரிச்சு நின்னுக்கிச்சு.