உயிரோடு இருப்பவளின் படம்

“காலேஜி படிச்ச பொண்ணு போன்ல படத்த நோண்டிக்கினு இருக்குறியே, இது எதுக்கு ஆவும்?” என்று என் சித்தப்பா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். அவர் கேட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“உன் பொண்ணு ஸ்டேட்டஸ்ல உன் மூஞ்சி பாதி கரைஞ்சி நிக்குது, அது மேலயே மல்லாட்டைக் கொல்லை தெரியுது. கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சி மாலை வாங்கிக்கினு ஓடியாந்தேங்க்கா.”

“வாசல்ல நான்தான பாத்திரம் தேய்ச்சிக்கினு இருந்தேன். அப்பவும் உனக்குச் சந்தேகம் தீரலையா?”

“வெளையாடாதக்கா. உசுரோட இருக்கிற தாய யாரு அப்பிடிப் போடுவா? அழிக்கச் சொல்லு.”

“எதுக்கு அழிக்கணும்? ரெண்டு போட்டோவ ஒண்ணா கலக்க எம் பொண்ணு மூணு நாளு ஒக்காந்துது. ஒவ்வொரு கல்யாண போட்டோவுலயும் என்னிய ஓரத்துல நிறுத்தி பாதி வெட்டுனீங்களே, அப்ப ஒருத்தியும் மாலை தூக்கிக்கினு வரலையே. நான் இருவது வருசமா களை வெட்டுன கடலைக் கொல்லை அது. அழிக்க மாட்டா.”



பஸ் விக்கிரவாண்டியைத் தாண்டுவதற்குள், இன்றும் நாற்று நடும் என் அம்மாவின் முகத்தைப் போனில் எங்கள் நெல் வயலோடு கலந்து, அடியில் என் பெயரை எழுதி, ஸ்டேட்டஸில் போட்டுவிட்டேன்.