கோழி இறக்காத குழி

சாரல் காலத்தில் சாண எரிவாயு அடுப்பு கொஞ்சம் சோம்பித்தான் எரியும். சாணம் புளிக்கச் சூடு வேண்டும். குற்றாலத்துக் காற்று அதைத் தராது. வெயில் வந்தால் சரியாகிவிடும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வதுதான் என் வேலை.

தங்கபுஷ்பம் உங்களிடம் சொன்னது பொய்யில்லை, இன்ஸ்பெக்டர். அன்று நான் அந்தக் குழிமேட்டில்தான் நின்றேன்.

தென்காசியில் நாங்கள் நடத்தியது சின்னச் சங்கம். எரிவாயுக் குழிக்கு எங்கள் இன்ஜினீயர் அனந்தநாராயணன் போட்ட வரைபடம் எல்லோருக்கும் பொது. யாரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம். திருத்தியதை எங்களுக்குக் காட்டவேண்டும், அவ்வளவுதான். புளியறைக் கொத்தனார் சுவரை மாற்றினார். சிவகிரிக் கொல்லர் மூடியை மாற்றினார். நான் பி.ஏ. தமிழ். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். எனக்குச் செங்கல்லும் தெரியாது, இரும்பும் தெரியாது. படம் பார்த்துப் புரியாதவர்களுக்குக் கதை சொன்னேன்.

குழியைக் காலி செய்தாலும் அடியில் விஷக்காற்று நிற்கும். இறங்கினவன் மயங்கி விழுவான். இதை அப்படியே சொன்னால் தலையாட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். அதனால், குழிக்குள் சுடலைமாடன் குடியிருக்கிறான் என்றேன். முதலில் கூடையில் ஒரு கோழியை இறக்கு. அது துவளாமல் மேலே வந்தால் மாடன் உத்தரவு கொடுத்துவிட்டான். ஒருத்தனை அவன் பிடித்துவிட்டால், தூக்கப் போகிறவனையும் பிடிப்பான். கயிற்றைப் போடு, காலை வைக்காதே. அந்தக் கதை போன ஊர்களில் ஒரு சாவு இல்லை.

எண்பத்தொன்றில் வரைபடத்தைப் புத்தகமாக அச்சடித்தோம். உழைத்தவர் பெயர்ப் பட்டியலில் கொத்தனார், கொல்லர், மண் சுமந்தவர் வரை இருந்தார்கள். நான் இல்லை. கேட்டேன்.

“நீ கதைதானேம்மா சொன்னே?” என்றார் அனந்தநாராயணன். “நாம சயின்ஸ் சொல்றோமா, கோயில் கொடை நடத்தறோமா? இனிமே அந்தக் கோழிக் கதை வேண்டாம். எச்சரிக்கை படத்துலயே இருக்கு.”

இருந்தது. மூலையில், ஆங்கிலத்தில், ஒரு வரி. எல்லோரும் சிரித்தார்கள். நான் சரி என்றேன்.

அடுத்த கோடையில் சுரண்டைப் பக்கம் புத்தகம் கொடுக்கப் போனேன். பிச்சையா தன் வீட்டுக் குழியைக் காலி செய்து, உள்ளே இறங்க ஏணி வைத்திருந்தார்.

“வா தாயி. நீ என்னமோ மாடன் கத சொல்லுவியாமே. எறங்குததுக்கு முன்ன அதச் சொல்லு, கேப்போம்.”

“இப்ப கதையெல்லாம் கிடையாது அண்ணாச்சி. எல்லாம் படத்துல இருக்கு.”

“படம் எங்கூட எங்க பேசுது? அது இங்கிலீசுல்லா. என்ன, கோவமா? கோழி அடிச்சுக் கொழம்பு வைக்கச் சொல்லுதேன், தின்னுட்டுச் சொல்லு.”

சிரித்துக்கொண்டே இறங்கினார். ஏணியின் அடிக்குப் போனதும் சிரிப்பு நின்றது.

அவர் மனைவி தங்கபுஷ்பம் ஓடிவந்து என் தோளை உலுக்கினாள். “ஏ பிள்ள, நீ படிச்சவல்லா, என்ன செய்யணும், சொல்லேன்.” பிச்சையாவின் தம்பி அய்யாக்குட்டி ஏணிக்கு வந்தான். கிணற்றுக் கயிறு பக்கத்திலேயே சுருட்டிக் கிடந்தது. அவசரமாக மடித்துக் கட்டிய வேட்டி அவிழ்ந்துவிட, அவன் மறுபடியும் கட்டினான். கதையின் பிற்பாதியைச் சொல்ல அந்த நேரம் போதும். நான் வாயைத் திறக்கவில்லை. அவனும் இறங்கினான்.

சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மறுக்கவில்லை. ஒரு கதைக்கு என்ன எடை என்று சங்கத்துக்குத் தெரியவேண்டியிருந்தது. வேறு வழியில் அவர்களுக்குப் புரிந்திருக்காது.

அனந்தநாராயணனே வீடு தேடி வந்து, கதையைக் கேட்டு வாங்கிப் போனார். மறுபதிப்பில் முதல் பக்கமே கதைதான். மாடனை எடுத்துவிட்டேன். இப்போது பிச்சையாவையும் அய்யாக்குட்டியையும் வைத்துத்தான் சொல்கிறேன். சின்னப்பிள்ளைகள்கூட அசையாமல் கேட்கிறார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் சாவு இல்லை. உழைத்தவர் பெயர்ப் பட்டியலில் அவர்கள் இருவரையும் சேர்க்கச் சொன்னதும் நான்தான். யாரையும் விட்டுவிடக் கூடாது, பாருங்கள்.