மூன்றாம் கட்டிலின் நாடி

ஆஸ்பத்திரி ஊழியர்களை ஒரு வகுப்பில் உட்கார வைப்பது லேசான காரியமில்லை. ரோல்ஸ் வாங்கி வைத்தால் வருவார்கள், தின்பார்கள், போய்விடுவார்கள். பிஸ்கட் வைத்தால் வரவே மாட்டார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்தவன்.

நீங்கள் வந்திருப்பது தாதி சிவரூபினியின் மேன்முறையீட்டை விசாரிக்க. ஆஸ்பத்திரிக்குப் பொறுப்பானவன் என்ற முறையில் என்னிடம் ஒரு விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். அரைப் பக்கம் போதும் என்றீர்கள். அரைப் பக்கத்தில் அடங்காது. வகுப்பைப் பற்றிச் சொல்லாமல் செத்துப்போன பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

நான் முழு டொக்டர் இல்லை. பழைய பெயரில் சொன்னால் அப்போதிக்கரி. ஊருக்கு மக்கீன் டொக்டர். கல்முனைக்குத் தெற்கே இந்தக் கரையோர ஊரில் பதினேழு வருடமாக இருக்கிறேன். சிறிய ஆஸ்பத்திரி இது, கட்டில் முப்பது, அதில் பதினொன்று பிரசவ வாட்டில். பெரிய டொக்டர்மார் நியமனக் கடிதத்தோடு வருவார்கள், இடமாற்றக் கடிதத்தோடு போவார்கள். நான் இருப்பேன்.

கொழும்பில் நடக்கும் பயிற்சிகளுக்கு ஆறு வருடம் விண்ணப்பித்தேன். ஒவ்வொரு முறையும் வேறு யாரோ போனார்கள். ஏழாவது வருடம், 1996 மார்ச்சில், எனக்கு இடம் கிடைத்தது. பிரசவத்துக்குப் பிறகான பராமரிப்பில் புதிய முறைகள், ஐந்து நாள். அம்பாறை, கண்டி வழியாகப் பதினான்கு மணித்தியால பஸ் பயணம், சோதனைச் சாவடிக்குச் சாவடி இறங்கி நடை. தங்கிய லொட்ஜ்காரர் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார். இரண்டாம் நாள் காலையில் ஒரு சாவடியில் என் பைக்குள் கர்ப்பப்பைப் படம் இருந்ததற்கு முக்கால் மணி நேரம் விளக்கம் சொன்னேன். அதையெல்லாம் நான் பெரிதாக எடுக்கவில்லை. படித்தேன். நாற்பத்து மூன்று பக்கம் குறிப்பு எழுதினேன்.

அங்கே சொன்ன விஷயம் மிகவும் எளிமையானது. பிள்ளை பிறந்த பிறகு முதல் இரண்டு மணித்தியாலம்தான் தாய் சாகும் நேரம். கர்ப்பப்பை சுருங்காவிட்டால் இரத்தம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கால் மணிக்கு ஒரு தடவை நாடியை முழு நிமிடம் எண்ணு. வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று பார். விரிப்பைத் தூக்கிப் பார். நாடி ஏறினால், கர்ப்பப்பை இளகினால், உடனே ஊசி. இவ்வளவுதான். இதற்கு இயந்திரம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஒரு கையும் ஒரு மணிக்கூடும் போதும்.

ஊருக்கு வந்ததும் மாதத்தின் இரண்டாம் வியாழன் பகல் இரண்டு மணிக்கு வகுப்பு என்று அறிவித்தேன். இருபத்திரண்டு பேர் பட்டியலில். குறிப்புகளை என் செலவில் ரோணியோ இயந்திரத்தில் பிரதியெடுத்துக் கொடுத்தேன். முதல் மாதம் பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாம் மாதம் ஆறு. அதற்குப் பிறகு வரவுப் புத்தகத்தில் கையெழுத்து மட்டும் வந்தது. மருந்து கொடுக்கும் றஸாக் ஒரு நாள் வாசலில் நின்றபடியே மூன்று மாதத்துக்கும் சேர்த்துக் கையெழுத்து வைத்தார்.

"இனி வரப்போற மாசத்துக்கும் இப்பவே வெச்சிட்டா ஒங்களுக்கும் லேசுதானே சேர்," என்றார்.

"வகுப்புக்கு இரிக்க மாட்டீங்களா றஸாக்?"

"கொழும்புல ஒரு கட்டில்ல ஒரு ஆள். இஞ்ச ஒரு கட்டில்ல ரெண்டு பேர், கீழ பாயில ஒராள். ஆரு சேர் கால் மணிக்கொருக்கா நாடி புடிக்கிற? நீங்க நல்லாத்தான் செல்லித் தாறீங்க. மறுகா பாப்பம்."

நான் கோபப்படவில்லை. ஆனால் அன்று மாலை முழுவதும் எனக்கு நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. பதினேழு வருடத்தில் நான் ஊர் தாண்டிக் கற்று வந்தது அது ஒன்றுதான். அதைக் கேட்க ஆள் இல்லை.

வாட்டில் இன்னும் மோசம். நாடி எழுதும் தாளை நான்தான் கீறிக் கொடுத்திருந்தேன். கால் மணிக்கு ஒரு கட்டம். கட்டங்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன. எண்பது, எண்பத்திரண்டு, எண்பது. எனக்கு முதலில் சந்தோஷம். பிறகு ஒரு நாள் மூன்று மணிக்கு வாட்டுக்குப் போனேன். தாளில் நாலரை மணி வரைக்கும் நாடி எழுதியாகிவிட்டது. தாதி மிஸ்ஸிமார் ஒரே இருப்பில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். சோம்பல் என்று சொல்ல மாட்டேன். வேலை அதிகம்தான். அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னேன், சுற்றறிக்கை எழுதினேன், வகுப்பில் இரண்டு தடவை விளக்கினேன். தலையாட்டினார்கள். அடுத்த நாளும் எண்பது, எண்பத்திரண்டு, எண்பது.

பாண்டிருப்பிலிருந்து வரும் சிவரூபினி இதில் கெட்டிக்காரி. கெட்ட மனம் இல்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் மிஸ்ஸிமார் பதறாமல் நோன்பு துறக்கட்டும் என்று அவர்களுடைய தாள்களையும் தானே நிரப்பிவிடுவாள். "நீங்க ஆறுதலாப் போய்த் துறந்து தொழுதுட்டு வாங்கோ, வாட்டை நான் பாக்கிறன்," என்று அனுப்பிவைப்பாள். தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் அவர்கள் இவளுக்காக நிரப்புவார்கள். கலவரம் நடந்த ஊர்களுக்கு நடுவில் இப்படி ஓர் ஒற்றுமை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

1997 ஜனவரியில், நோன்பு பாதி கழிந்திருந்த ஒரு நாள், ஒலுவிலிலிருந்து நதீரா என்ற பெண் வந்தாள். இருபத்துநாலு வயது, இரண்டாவது பிள்ளை. பின்னேரம் மூன்று இருபதுக்கு ஆண் குழந்தை. மருத்துவிச்சி சிபானா கையில் பிறந்தது, எந்தக் கஷ்டமும் இல்லை. நதீராவை மூன்றாம் கட்டிலில் கிடத்தினார்கள். அவளுடைய உம்மா ஆமினா பக்கத்தில் குழந்தையோடு இருந்தார்.

ஐந்து இருபதுக்கு நான் சுற்றிப் பார்க்க வந்தேன். மூன்றாம் கட்டிலின் தாளை எடுத்தேன். ஏழரை மணி வரை நிரம்பியிருந்தது. சிவரூபினியின் கையெழுத்து. எண்பது, எண்பத்திரண்டு, எண்பது. அவள் அடுத்த அறையில் ஒரு பிரசவத்தில் நின்றாள்.

நதீராவின் நாடியை எண்ணினேன். நூற்றிப் பன்னிரண்டு. வயிற்றில் கை வைத்தேன், கர்ப்பப்பை இளகிக் கிடந்தது. விரிப்பைத் தூக்கினேன். தூக்கிய விரிப்பைத் திரும்பப் போட்டேன்.

"குளிருது டொக்டர்," என்றாள்.

ஊசி என் பின்னால் இருந்த அலுமாரியில்தான் இருந்தது. அலுமாரித் திறப்பு என் சட்டைப் பையில். எடுத்துப் போட்டிருந்தால் கால் மணியில் நாடி இறங்கியிருக்கும். ஆறு மணிக்கு யாராவது எண்ணிப் பார்த்தால் எண்பத்துச் சொச்சம் இருந்திருக்கும். தாளும் எண்பது என்றுதான் சொல்லும். அதைத்தான் நான் நின்று யோசித்தேன். நான் அவளைக் குணப்படுத்தினால் சிவரூபினியின் தாள் சரியாகிவிடும். ஒன்றும் நடக்காத வரைக்கும் எந்தத் தாளும் சரியான தாள்தான். பத்து மாதம் நான் தொண்டை வற்றக் கத்தியதும் இதனால்தான் எடுபடவில்லை.

அவள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் மயங்கினால் போதும் என்று நினைத்தேன். எல்லோரும் ஓடி வருவார்கள், தாளைக் காட்டலாம், ஊசியைப் போட்டு எழுப்பிவிடலாம். அதுவரைக்கும் கவனமாக இருக்க வேண்டும் என்பதற்காக என் குறிப்புப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினேன். அதை இத்துடன் தருகிறேன். ஐந்து இருபது, நூற்றிப் பன்னிரண்டு. ஐந்து முப்பத்தைந்து, நூற்றிப் பதினாறு. ஐந்து ஐம்பது, நூற்றிப் பதினெட்டு. ஒவ்வொன்றும் முழு நிமிடம் எண்ணியது. அந்த வாட்டில் ஒரு தாயின் நாடியை ஒருவர் கால் மணிக்கு ஒரு தடவை ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆறு மணி தாண்டிப் பாங்கு சொன்னார்கள். என் அறையில் பேரீச்சம்பழம் சாப்பிட்டு, ஒரு கோப்பை கஞ்சி குடித்து, தொழுதேன். உடனே திரும்பினேன். ஆறு இருபது, நூற்றி முப்பத்தாறு. ஒரு கட்டம் தவறிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆமினா உம்மா என் கையைப் பிடித்தார். "திரும்பத் திரும்ப வந்து பாக்குறீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு ரஹ்மத் செய்வான் வாப்பா. புள்ளைக்கு ஒண்டுமில்லயே?"

"ஒண்டுமில்ல," என்றேன். "பெலயீனம்."

சிவரூபினி தன் மேன்முறையீட்டில் எழுதியிருப்பது சரி. அவள் ஆறரைக்கு வாட்டுக்குள் வந்தாள். நான் மூன்றாம் கட்டிலருகே மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்பதைக் கண்டாள். டொக்டரே பார்க்கிறார் என்று மற்றக் கட்டில்களுக்குப் போனாள். நான் அங்கே நின்றிருக்காவிட்டால் அவள் ஒரு தடவையாவது நதீராவின் முகத்தைப் பார்த்திருப்பாள்.

ஆறு முப்பத்தைந்துக்கு நதீரா மயங்கினாள். நாடி கைக்குச் சரியாக அகப்படவில்லை. இன்னும் ஒரு தடவை எண்ணி உறுதி செய்வோம் என்று நின்றேன். ஆறு நாற்பத்தைந்துக்கு ஆள் கூப்பிட்டேன். அதற்குப் பிறகு நான் செய்ததில் ஒரு குறையும் நீங்கள் காண முடியாது. ஊசி, இரண்டு கையிலும் சேலைன், அம்புலன்ஸ், எல்லாம் கொழும்பில் சொன்ன வரிசைப்படி. இரண்டாவது சேலைன் ஏறும்போது, ஆறு ஐம்பத்தைந்துக்கு, மௌத்தாகிவிட்டாள்.

தாளின்படி ஏழு மணிக்கு அவளுடைய நாடி எண்பது. ஏழே கால், எண்பத்திரண்டு. ஏழரை, எண்பது.

பெருநாள் முடிந்த வியாழக்கிழமை வகுப்பு வைத்தேன். இருபத்தொரு பேர் வந்தார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கதிரை வாங்க வேண்டியிருந்தது. றஸாக் முதல் வரிசையில் இருந்தார். பெயரை மறைத்து அந்தத் தாளை ரோணியோ செய்து ஆளுக்கொன்று கொடுத்தேன். நான் பேசிய ஒரு மணித்தியாலமும் ஒரு செருமல் சத்தம் இல்லை. எல்லோரும் எழுதினார்கள். இரண்டு மிஸ்ஸிமார் அழுதார்கள். அன்றிலிருந்து ஒரு கட்டத்தையும் யாரும் நேரத்துக்கு முன் நிரப்புவதில்லை. பதினான்கு மாதமாக எங்கள் வாட்டில் ஒரு தாய் சாகவில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. வேறு மூன்று ஆஸ்பத்திரிகளில் இந்த வகுப்பை எடுத்தேன்.

அந்த வகுப்புக்குப் பிறகு சிவரூபினியைத் தண்டனை இடமாற்றத்தில் அனுப்பினார்கள். சந்தையில் சிலர், தமிழ் மிஸ்ஸி முஸ்லிம் புள்ளையைக் கவனிக்காமல் விட்டாள் என்று கதைத்தார்கள். அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. மறுத்துச் சொல்லவும் இல்லை. சொன்னால் தாளைப் பற்றிய பாடம் கெட்டுவிடும்.

ஒரு விஷயம் இன்னும் இருக்கிறது. அது உங்கள் கோப்பில் இல்லை, ஏனென்றால் சிபானா யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவள் வகுப்பில் எப்போதும் கடைசி வரிசை. முப்பத்தைந்து வயது, வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு வரி எழுத மாட்டாள், கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன்.

அன்று பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் அவள் என் அறைக்கு வந்தாள். "சேர், மூணாம் கட்டில் புள்ளைக்கு நாடி நூத்திப் பதினெட்டு. முழு நிமிசம் எண்ணினன். கர்ப்பப்ப இளகிக் கெடக்கு. ஊசி போடோணும், என்ன? நீங்க செல்லித் தந்தது இதுதானே."

நூற்றிப் பதினெட்டு. என் குறிப்பிலும் அதே எண்தான் இருந்தது.

"நான் பாத்துக்கிறன்," என்றேன். "நீங்க போய் நோன்பு துறங்க."

ஆறரைக்குப் பிறகு அவள் வாட்டு வாசலில் வந்து நின்று, "ஊசி?" என்று கேட்டாள். "போட்டாச்சி," என்றேன். அவள் என்னை நம்பிப் போனாள். சிவரூபினி இதில் எந்தக் குற்றமும் செய்யவில்லை. நதீராவைக் கொன்றது நான்.

பெருநாளுக்குப் பிறகு நடந்த அந்த வகுப்புக்கு சிபானா மட்டும் வரவில்லை. வரவுப் புத்தகத்தில் அவளுடைய பெயருக்கு நேரே, காரணம் அறிவிக்காமல் சமுகமளிக்கவில்லை என்று எழுதினேன்.