உறவுக் கட்டத்தில் ‘அண்ணன்’ என்று எழுதியது பற்றி

என் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை இந்த வாக்குமூலத்தின் முதல் தாளில் தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் தெருவில் விசாரித்தால் யாருக்கும் தெரியாது. இஸ்திரி அக்கா என்று கேட்டால் கடைவரை கொண்டுவந்து விடுவார்கள். வயது ஐம்பத்தேழு. பேருந்து நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், மூன்று மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் சலவைக் கடை வைத்திருக்கிறேன். அதே கட்டடத்தின் மூன்றாவது மாடியில் கணவருடன் குடியிருக்கிறேன். கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இது தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவை இருக்கிறது, பின்னால் வரும் என்று நான் சொன்னதால் எழுதிக்கொண்டார்.

என் பெற்றோருக்கு நான் ஒரே பிள்ளை. எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். இந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று வங்கியும் கேட்டது, விசாரணை அதிகாரி அம்மாவும் கேட்டார், ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் என் பெரியப்பா மகன். எனக்கு ஆறு வயது மூத்தவர். பெரியப்பா வேலை பார்த்த ஆலையை மூடிவிட்டதால் அவர் பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வேறு ஊருக்கு வேலை தேடிப் போனார். ஒரு மாதத்துக்கு என்று சொல்லி மகனை எங்கள் வீட்டில் விட்டுப் போனார். அப்போது அவருக்கு எட்டு வயது, எனக்கு இரண்டு. அந்த ஒரு மாதம் பதினாறு வருடமாக நீண்டது. பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள், மனஸ்தாபம் ஒன்றும் இல்லை, பையனுக்கு இங்கேயே பழகிப்போயிற்று என்று விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் அவர் அண்ணன். அதற்குமேல் விளக்கம் யாரும் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

அண்ணன் இங்கே இருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் வேலை கற்றுக்கொண்டு இருபத்து நான்காவது வயதில் வெளிநாடு போனார். அங்கே முப்பத்தொன்பது வருடம் அந்த வேலைதான் பார்த்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால் எங்கேயோ லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது என்று சொல்லிப் போனை வைத்துவிடுவார். அந்த ஊரில் அத்தனை லிஃப்ட் பாதியில் நின்றிருந்தால் பாதி ஜனம் இன்னும் உள்ளேயேதான் இருக்க வேண்டும். பதினோராவது மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றைத் தவணையில் வாங்கி, தவணை முழுவதும் கட்டி முடித்தார். என் கடைக்கு முதல் சலவை மெஷின் வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு என் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. அண்ணன் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார். மருத்துவமனைத் தாளில் கையெழுத்துப் போட மகன் யார் என்று நர்ஸ் கேட்டதும் அண்ணன் பேனாவை வாங்கி, மகன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பா விழித்துக்கொண்டுதான் இருந்தார். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் போட்டிருக்கான்” என்று திருப்பிக் கொடுத்தார். அதுவும் தவறான தகவல்தானே என்று அதிகாரி கேட்டார். அப்படியானால் அதற்கும் சேர்த்து வழக்குப் போட்டுக்கொள்ளலாம், அப்பா இல்லாததால் நான் வந்து நிற்கிறேன் என்று சொன்னேன்.

அதன் பிறகு இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணன் ஓய்வு பெற்றார். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டதாக டாக்டர் சொல்லிவிட்டதால், வீட்டை விற்றுவிட்டு எங்களோடு வந்து இருப்பதாகச் சொன்னார். அவர் அப்படிச் சொன்ன அன்று நான் கடையில் ஒரே சட்டையை மூன்று தடவை தேய்த்தேன், அவ்வளவு சந்தோஷம். எங்கள் கட்டடத்தில் என் கடைக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறைகள் கடிகாரக்காரருக்குச் சொந்தம். அவர் மகளோடு போய் இருக்கப்போவதால் அறைகளை விற்கிறார். தரைத்தளம் என்பதால் அண்ணன் காலுக்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது. மாதக் கடைசிக்குள் பணம் வராவிட்டால் செருப்புக்கடைக்காரருக்குச் சரக்கு வைக்கும் கிட்டங்கியாகக் கொடுத்துவிடுவேன் என்று கடிகாரக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார்.

அண்ணன் வெளிநாட்டு வீட்டை விற்றார். விற்ற பத்திரம், அங்கே வரி கட்டிய ரசீது, வீட்டின் மேல் கடன் பாக்கி இல்லை என்ற கடிதம் மூன்றையும் இங்கே ஒப்படைத்திருக்கிறோம். இங்கே அவருக்கு இருந்த பழைய வங்கிக் கணக்கு காலாவதியாகிவிட்டதால் பணத்தை என் கணக்குக்கு அனுப்பினார். அங்கே கொடுத்த தாளில் பணம் பெறுபவர் என்ன உறவு என்று கேட்டு ஐந்து கட்டங்கள் இருந்தன. துணைவர், பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தவர், மற்றவர். அண்ணன் நான்காவது கட்டத்தில் குறி போட்டார். இங்கே என் வங்கி கொடுத்த தாளில் அனுப்புபவர் என்ன உறவு என்று கேட்டிருந்தார்கள். அண்ணன் என்று எழுதினேன். இருவரும் கலந்து பேசி எழுதவில்லை. கலந்து பேச அதில் என்ன இருக்கிறது என்றுதான் அன்று நினைத்திருப்போம்.

அதன் பிறகு அண்ணன் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார். மூன்று மாடியை ஏற அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஒவ்வொரு தளத்திலும் உட்கார்ந்து எழுந்து வந்தார். மேலே வந்ததும், “ஊரையே ஏத்தி இறக்கினவன் நான். எனக்குன்னு வந்தா படிக்கட்டு” என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முதல் நான்கு நாளும் வீடு கலகலப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் வங்கியில் கூப்பிட்டார்கள். அண்ணனையும் அழைத்துக்கொண்டு போனேன். பணம் வந்துவிட்டது, ஆனால் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று மேலாளர் சொன்னார். அவர் தந்தை பெயர் வேறு, என் தந்தை பெயர் வேறு, என் பழைய குடும்பச் சான்றில் நான் ஒரே பிள்ளை, இப்படி இருக்கும்போது உடன்பிறந்தவர் என்று ஒருவர் இவ்வளவு பெரிய தொகை அனுப்புவது சந்தேகத்துக்கு இடம் தருகிறது என்று சொன்னார். சலவைக் கடைக்காரிக்கு ஏது இவ்வளவு பணம் என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. நான் விவரத்தைச் சொன்னேன். அவர் மனிதர் மோசமில்லை. ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்து, இதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு நாளில் பணம் கைக்கு வரும் என்றார். பிறகு அதைப் படித்துக் காட்டினார். அதில், மேற்படி நபருக்கும் எனக்கும் உடன்பிறப்பு உறவு எதுவும் இல்லை என்றும், அறியாமையால் அப்படிக் குறிப்பிட்டுவிட்டோம் என்றும் இருந்தது.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “போட்டுரும்மா, காரியம் நடக்கட்டும்” என்றார். நான் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேஜைமேல் வைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றையிலிருந்து அண்ணன் வீட்டில் எதற்கும் கேட்க ஆரம்பித்தார். ஃபேன் போட்டுக்கொள்ளட்டுமா என்றார். இந்த நாற்காலியில் உட்காரலாமா என்றார். குளியலறையில் தன் துண்டைக் கொடியில் போடாமல் மடித்துப் பெட்டிமேல் வைத்தார். மூன்றாம் நாள் என் கணவரிடம் பக்கத்தில் வாடகைக்கு ஓர் அறை கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். கணவர் என்னிடம் வந்து சொன்னார். எங்கள் வீட்டுப் பிள்ளையை ஒரு காகிதம் விருந்தாளியாக்கிவிட்டது. அப்போதே அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவு செய்து, மறுநாள் வங்கிக்குப் போய் மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அப்படியானால் மேலிடத்துக்கு எழுதுவதைத் தவிர வழியில்லை என்றார். எழுதுங்கள் என்றேன். அப்படித்தான் இந்த அலுவலகத்திலிருந்து எங்கள் இருவருக்கும் அழைப்பு வந்தது.

அழைப்பைப் பார்த்ததும் கணவர், “ஒரு கையெழுத்துல முடியறத போலீஸ் வரைக்கும் இழுத்துட்டியே” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனாலும் இன்று கடையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். எத்தனை சட்டை பொசுங்கியிருக்கிறது என்று போய்த்தான் பார்க்க வேண்டும். அழைப்பு வந்தது தெரிந்து, கடைக்கு வழக்கமாகத் துணி போடும் வக்கீல் குமாஸ்தா ஒரு யோசனை சொன்னார். கூடப் பிறந்தவர்தான், சின்ன வயதிலேயே பெரியப்பாவுக்குத் தத்துக் கொடுத்துவிட்டோம், காகிதம் தொலைந்துவிட்டது என்று அடித்துச் சொல்லிவிடு, வெளிநாட்டில் அண்ணன் போட்ட குறிக்கும் ஆபத்து வராது என்றார். இரண்டு நாள் அது மனதை அரித்தது உண்மை. அண்ணன் மேல் பொய்த் தகவல் கொடுத்ததாக வழக்கு வந்தால் என்ன செய்வது என்று பயமாகத்தான் இருந்தது. ஆனால் பெரியப்பாவும் பெரியம்மாவும் அவரைப் பெற்றவர்கள். அவர்களை இல்லையென்று ஆக்கி எனக்கு அண்ணன் வேண்டியதில்லை. ஆகவே அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

இன்று காலை பத்து மணிக்கு இருவரும் வந்தோம். முதலில் அண்ணனை உள்ளே அழைத்து விசாரித்தார்கள். என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு அவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என்னை அழைத்தார்கள். அதிகாரி என்னிடம், “கூடப் பிறந்தவரா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்று கேட்டார்.

“கூடப் பிறக்கல மேடம். பெரியப்பா பையன். எனக்கு அண்ணன். இதுல எதை விட்டாலும் பொய்யாயிடும்” என்று சொன்னேன்.

அதிகாரி பக்கத்தில் இருந்த கோப்பைப் பிரித்தார். பிறகு அண்ணன் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினார். தப்புன்னா என் மேல மட்டும் போடுங்க, அந்தப் பொண்ண மற்றவர்ங்கிற கட்டத்துல போட எனக்குக் கை வரல, என்று இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. எழுத்தர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அதன் பிறகு அதிகாரி எங்கள் அப்பாக்கள் இருவரின் பிறப்புச் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தாத்தா பெயர் ஒன்றாக இருப்பதைக் குறித்துக்கொண்டார். பணம் வீடு விற்ற பணம்தான் என்பதற்குக் காகிதம் சரியாக இருக்கிறது, உறவு விஷயத்தில் மறைக்கும் எண்ணம் தெரியவில்லை, வங்கிக்கு இந்த வாரமே எழுதிவிடுகிறேன் என்று சொன்னார். அங்கே போட்ட குறிக்கு விளக்கமாக ஒரு திருத்தக் கடிதத்தை அண்ணன் அனுப்பினால் போதும், அதற்கு இந்த இரண்டு வாக்குமூலங்களின் நகலையும் தருகிறேன் என்றார். கடிகாரக்காரருக்கு இங்கிருந்தே போன் செய்தேன். போலீஸ் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன் என்று சொன்னதாலோ என்னவோ, பத்து நாள் பொறுப்பதாக மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

படித்துக் காட்டும்போது சேர்த்தது: எழுத்தர் முதலில் எழுதியதில், நான் அண்ணன் என்று சொன்ன இடத்தில் எல்லாம் பெரியப்பா மகன் என்று எழுதியிருந்தார். படிப்பவர்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்ததாகச் சொன்னார். அவர் மேல் தவறு இல்லை. ஆரம்பத்தில் ஒரு முறை எழுதியாயிற்று, கேள்விக்குப் பதிலாக ஒரு முறை சொல்லியாயிற்று, அவை இருக்கட்டும், மற்ற இடங்களில் என் வாயிலிருந்து வந்த சொல்தான் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அதிகாரி சம்மதித்தார். அத்தனை இடங்களிலும் அடித்துத் திருத்தி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன்.

திருத்திய பிறகு முழுவதையும் மறுபடி ஒரு தடவை, கதவைத் திறந்து வைத்து, உரக்கப் படிக்கும்படி கேட்டேன். அண்ணன் வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எதற்குக் கதவைத் திறக்க வேண்டும் என்று அதிகாரி கேட்டதற்கு, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்று சொன்னேன். கதவைத் திறந்து வைத்து, எழுத்தர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை உரக்கப் படித்தார். நான் கேட்டேன். அண்ணனும் கேட்டார்.

என் அண்ணனுக்குக் காது நன்றாகவே கேட்கும். அந்த ஒன்றைத் தவிர நான் இங்கே சொன்னது அத்தனையும் உண்மை, யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னது அல்ல.

(கையொப்பம்)