பூஜ்யம் இனிச் செல்லாது

டீ ஆறிவிட்டதே என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், தலைவரே. ஆறிய டீதான் எனக்குப் பிடிக்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பழகியவனுக்குச் சூடான டீ வாய்ப்பது கிடையாது.

விசாரணைக் குழு வைத்திருக்கிறீர்கள், சொல்கிறேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. நம் தாராவிச் சங்கத்து உறுப்பினர்கள் எல்லாரும் என் டேட்டாபேஸுக்குள் இருக்கிறார்கள். பெயர், ஊர், போட்டோ, பிறந்த தேதி, இறந்த தேதி. இறந்த தேதி வந்துவிட்டால் யாரும் ஓடியாட வேண்டியதில்லை. கம்ப்யூட்டரே எல்லார் போனுக்கும் செய்தி அனுப்பும். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போட்டோவும் 'கண்ணீர் அஞ்சலி'யும் தானாகப் போய்விடும். என் ஏற்பாடுதான். நம் ஆட்கள் சாவுக்கு வராதவனைக்கூட மன்னிப்பார்கள், ஃப்ளெக்ஸில் பெயரை விட்டவனை மன்னிக்க மாட்டார்கள்.

உயிரோடிருப்பவர்களுக்கு இறந்த தேதி என்ன போடுவது? எனக்கு முன்னால் வேலை பார்த்தவர் பூஜ்யம் போட்டு வைத்திருந்தார். பூஜ்யம் தேதி, பூஜ்யம் மாதம், பூஜ்யம் வருஷம். பழைய சர்வர் பரமசாது, எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டது. மூச்சு இருக்கும்வரை நாம் எல்லாரும் அதில் பூஜ்யம்தான்.

அது கிழடாகிவிட்டது என்று புதிய பதிப்புக்கு மாற்றச் சொல்லித் தீர்மானம் போட்டவர் நீங்கள். குறை சொல்லவில்லை. புதியது கறார் பேர்வழி. இப்படி ஒரு தேதியே கிடையாது, ஏற்க முடியாது என்று ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்தியது. யோசித்துப் பார்த்தால் அது சொல்வது நியாயம்தான். பூஜ்யமாம் மாதத்தில் யார் செத்திருக்கிறார்கள்?

ஆகவே எல்லாருக்கும் ஆளுக்கொரு தேதி கொடுத்தேன். இனி வரப்போகும் தேதி. போன தேதியாகக் கொடுத்திருந்தால் அன்றைக்கே எல்லாரும் செத்திருப்பார்கள். நான் அவ்வளவு கல்நெஞ்சன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் கிடையாது. அன்று தண்டவாள வேலை, ரயில் மெகாபிளாக், பாதி வண்டி ஓடாது, முலுண்டிலிருந்தும் அம்பர்நாத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்து சேர முடியாது. சனிக்கிழமையும் கிடையாது, சனிப் பிணம் தனிப் போகாது. மழைக்காலத்தில் ஃப்ளெக்ஸ் கிழிந்துவிடும் என்பதால் அதையும் விட்டேன். பெற்ற பிள்ளை இவ்வளவு பார்த்துச் செய்வானா, தெரியவில்லை.

அந்தத் தேதிகளில் முதலாவது பாத்திரக் கடை தனசீலன் அண்ணாச்சிக்குப் போனது. அவர்மேல் பகை ஒன்றும் இல்லை. அவர் போட்டோ தெளிவாக இருந்தது. புது சர்வரில் முதல் ஃப்ளெக்ஸ் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டாமா?

அந்த நாள் வந்தது, ஃப்ளெக்ஸும் லட்சணமாகவே இருந்தது. ஆனால் அது அவர் மகள் கிளாராவுக்கு நம் சங்க மண்டபத்தில் கல்யாணம் வைத்திருந்த நேரம். அம்பர்நாத்திலிருந்து மாலையோடு வந்தவர்கள், அண்ணாச்சி குக்கர் விற்றுக்கொண்டிருப்பதைக் கண்டு, மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு குக்கர்மேல் சாத்திவிட்டுப் போனார்கள். கோபர்கைரனேயிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் போன் போட்டு, சாவை மறைத்துக் கல்யாணம் முடிக்கப் பார்க்கிறீர்களா என்று அவரிடமே கேட்டார்கள். இறந்தவர் பெயரில் மண்டபப் பதிவு நிற்காது என்று கம்ப்யூட்டர் அதையும் ரத்து செய்துவிட்டது.

அண்ணாச்சி ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. எனக்கே சங்கடமாக இருந்தது.

"ஏல டென்சிலு, உசுரோட உம் முன்னால நிக்கேம்லா. அத அழிச்சுப் போடுல."

அழிக்க வழியில்லை, பூஜ்யம் இனிச் செல்லாது, வேண்டுமானால் வேறு தேதி தரலாம் என்றேன். எது சவுகரியம் என்று கேட்டுக் காலண்டரை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எம்மவ கல்யாணம் நல்லபடியா முடியட்டும்ல. அதுக்குப் பெறவு நான் செத்தாலும் பரவாயில்ல."

கையெழுத்து வாங்கியிருந்தால்கூட இவ்வளவு தெளிவான சம்மதம் கிடைத்திருக்காது. கல்யாணத்துக்கு மறுநாள் என்று ஏற்றினேன். செவ்வாய்க்கிழமை, ரயில் ஒழுங்காக ஓடும் நாள். மண்டபப் பதிவும் திரும்ப வந்தது. கல்யாணத்தன்று அண்ணாச்சி என் இலைக்குத் தானே வந்து, போதும் போதும் என்றாலும் கேட்காமல், பிரியாணி வைத்தார்.

மறுநாள் காலை கடை திறக்க வந்தவர் எதிரே ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறார். தூக்கிய ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்த்தார்கள். ஒரு தடவை ஏமாந்தவர்கள் அல்லவா, "என்ன அண்ணாச்சி, மறுபடியும் போயிட்டியளா" என்று சிரித்துவிட்டு நடந்தார்கள். மதியம் அவர் மனைவி லூசியம்மாள் சாப்பாடு கொண்டுவந்து தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது. எல்லார் போனுக்கும் செய்தி போயிருந்தும் ஒருவரும் நம்பவில்லை. அடக்கத்துக்கு ஆள் இல்லை. அதுதான் எனக்கு வருத்தம்.

நெஞ்சடைப்பு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் போட்ட தேதியும் நான் போட்ட தேதியும் ஒன்று. புதிய சர்வரில் பிழையே இல்லாத முதல் பதிவு அண்ணாச்சியுடையது.

மற்றவர்களின் தேதிகளைக் கேட்கிறீர்கள். உங்களுடையதும் அதில் இருக்கிறது, தலைவரே. நன்றாகத் தேர்ந்தெடுத்த நாள்தான்.

இறந்த தேதிக் கட்டத்தில் எதுவுமே போடாமல் காலியாக விட்டிருக்க முடியாதா என்று உங்கள் குழுவில் இருக்கும் உமாமகேஸ்வரி மேடம் கேட்டார்கள். முடியும். பூஜ்யம்தான் ஆகாது, காலியாக விட்டால் சர்வர் ஒரு வார்த்தை கேட்காது. ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும். என் பெயருக்கு நேரே அப்படித்தான் விட்டிருக்கிறேன். உங்களுக்கெல்லாம் ஃப்ளெக்ஸ் அடிக்க ஒருவனாவது இருக்க வேண்டாமா?